சந்தனம் பூசிய கண்

போன வாரம் சிங்காரத்தைத் தேயிலைச் சாலையோரக் கால்வாயில் போட்டுவிட்டுப் பேனாவை மூடிவிட்டேன் என்று என்னைத் திட்டாத வாசகர் இல்லை. கவலை வேண்டாம், மனிதர் உயிரோடுதான் இருக்கிறார். இடுப்பெலும்பு உடைந்து, மலைக்குக் கீழே தாப்பாவில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் மல்லாந்து கிடக்கிறார்.

மருந்து கொடுக்க வரும் தாதி, பக்கத்துக் கட்டில்காரர், தரை துடைக்க வரும் அம்மாள், எல்லோரிடமும் அவருக்கு ஒரே பேச்சு.

“நான் குடிக்கல லா. சத்தியமா குடிக்கல.”

எல்லோரும் தலையாட்டுகிறார்கள். நம்பியவர் ஒருவரும் இல்லை.

நம்பாததற்குக் காரணமும் இருக்கிறது. ஆயுத பூஜை அன்று சாயங்காலம், தேயிலைத் தொழிற்சாலையில் பூஜை முடிந்து, பொரிகடலைப் பொட்டலத்தோடு சைக்கிளில் வீட்டுக்குக் கிளம்பியவர் கால்வாயில் கிடந்தார். எந்த வண்டி இடித்தது என்று கேட்டால் தெரியாது என்கிறார். பின்னால் லோரி வந்த சத்தம் கேட்டதாம். அப்புறம் யாரோ ஈரத்துணியால் முகத்தில் ஓங்கி அறைந்த மாதிரி இருந்ததாம். லோரி இடித்தால் ஈரத்துணி மாதிரியா இருக்கும்? கேட்டவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

சிங்காரம் ஒரு காலத்தில் குடித்தவர்தான், அதை மறைப்பானேன். தைப்பூசத்துக்குக் காவடி எடுத்த வருடத்தோடு விட்டார். அதன் பிறகு ஒரு சொட்டு தொட்டதில்லை. ஆனால் எஸ்டேட்டில் ஒருவன் குடியை விட்டதை யாரும் ஞாபகம் வைத்துக்கொள்ள மாட்டார்கள். குடித்ததை மட்டும் அவன் பேரன் காலம் வரைக்கும் பத்திரமாக வைத்திருப்பார்கள்.

புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்காக அந்தச் சைக்கிளைப் பற்றி இரண்டு வார்த்தை. சிங்காரத்தின் மூத்த மகள் ரூபினி கோலாலம்பூரில் ஒரு பல்கலைக்கழகத்தில் சாலைப் பாதுகாப்பு ஆராய்ச்சியில் இருக்கிறாள். சைக்கிளில் போகிறவர்களை மற்ற வண்டிகள் எவ்வளவு நெருக்கத்தில் முந்திக்கொண்டு போகின்றன என்று அளப்பது அவர்கள் வேலை. அதற்காகவே தயார் செய்து எஸ்டேட்டில் கொடுத்த சைக்கிள்களில் ஒன்று இது. வலது கைப்பிடிக்குக் கீழே தீப்பெட்டி அளவில் ஒரு சென்சார் இருக்கும். பக்கத்தில் எது வந்தாலும் எவ்வளவு தூரத்தில் வந்தது என்று அது அளந்துவிடும். சீட்டுக்கு அடியில் ஒரு சின்னப் பெட்டி, அளந்ததையும் சைக்கிள் குலுங்கியதையும் சேர்த்து வைத்துக்கொள்ளும். கேமரா கிடையாது. எஸ்டேட்டுக்குள் கேமரா கூடாது என்று மேனேஜர் துரை சொல்லிவிட்டார்.

இந்த எஸ்டேட்டில் இப்போது சைக்கிள் மிதிக்கிறவர்கள் வங்காளதேசத்திலிருந்து வந்த தொழிலாளிகள்தான். ‘பங்ளா’ என்று ஒரே சொல்லில் அவர்களை முடித்துவிடுவார்கள் நம் ஆட்கள். நம் ஆட்களுக்கு மோட்டார் சைக்கிள். சிங்காரத்திடமும் மோட்டார் இருந்தது. மகள் கேட்டாள் என்பதற்காக அதைத் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டு, சைக்கிள்காரர்கள் எல்லோருக்கும் ஆராய்ச்சிக்காரர்கள் கொடுத்த மஞ்சள் சட்டையை மாட்டிக்கொண்டு சைக்கிளில் ஏறினார்.

“என்னண்ணே, நீங்களும் பங்ளா ஆயிட்டீங்களா?” என்று வழியெல்லாம் கேலி.

“என் மக செஞ்ச சைக்கிள்டா இது. உன் மக என்ன செஞ்சா?” என்று சிங்காரம் மணியை அடித்துக்கொண்டே போவார்.

பூஜை அன்றும் எஸ்டேட் வேன் எல்லோரையும் ஏற்றிக்கொண்டு போனது. இவர் ஏறவில்லை. சைக்கிளை விட்டுவிட்டுப் போனால் மகளுடைய ஆராய்ச்சியில் ஒரு நாள் விட்டுப்போகுமாம். இருட்டுகிற நேரம், தூறல், மூடுபனி. மனிதர் மிதித்துக்கொண்டு வந்தார்.

சரி, இந்த வாரத்துக்கு வருவோம்.

சனிக்கிழமை காலை. எஸ்டேட் கணக்குப்பிள்ளை கிராணி மாடசாமி மோட்டாரைத் தொழிலாளர் லயத்து வீட்டு வாசலில் நிறுத்தி, இறங்காமலே ஹாரன் அடித்தார். ரூபினி வெளியே வந்தாள். விபத்து நடந்த நாளிலிருந்து ஆஸ்பத்திரி நாற்காலியிலேயே தூங்கி எழுந்தவள், நேற்றுத்தான் வீட்டுக்கு ஏறி வந்திருந்தாள்.

“திங்கக்கிழம துரைகிட்ட ரிப்போட் குடுக்கணும், ரூபினி. தானா விழுந்துட்டார்னு சொல்றதா, இடிச்சுத் தள்ளிட்டாங்கன்னு சொல்றதா?”

“இடிச்சுத் தள்ளிட்டாங்கன்னு சொல்லுங்க.”

“யாரு இடிச்சா?”

ரூபினி வாசலில் சாத்தியிருந்த சைக்கிளைத் திரும்பிப் பார்த்தாள்.

“பாத்தியா? எனக்கென்னம்மா, உங்கப்பாவும் நானும் ஒன்னா வேலைக்குச் சேந்தவங்க. ஆனா பூஜை அன்னிக்கு எல்லாரும் கொஞ்சம் ஊத்திக்கிறதுதானே. குடிச்சிட்டு விழுந்தார்னு ஆயிட்டா வேலை போயிரும். வேலை போனா...” என்று கிராணி வீட்டுக் கூரையை ஒரு பார்வை பார்த்தார். மீதியைச் சொல்லவில்லை, சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. லயத்து வீடு வேலையோடு வந்தது, வேலையோடு போய்விடும். சிங்காரத்தின் மனைவி யோகேஸ்வரி முழங்கால் வலியால் கொழுந்துக் கூடையை எப்போதோ இறக்கி வைத்துவிட்டாள். இந்தக் கூரை இப்போது சிங்காரம் ஒருவர் பெயரில்தான் நிற்கிறது.

“இடிச்ச வண்டி எதுன்னு சைக்கிள் சொல்லும், ஐயா,” என்றாள் ரூபினி.

“சைக்கிள் பேசுமா?” கிராணி சிரித்துவிட்டு மோட்டாரைத் திருப்பினார். “பேசட்டும் லா. பேசுனா வந்து சொல்லு.”

விபத்தன்றே எஸ்டேட் வேனில் ஏற்றி வந்து வீட்டு முன்வாசல் அஞ்சடியில் சாத்தி வைத்திருந்தார்கள் சைக்கிளை. முன்சக்கரம் கோணியிருந்தது. மணி நசுங்கியிருந்தது. ரூபினி கைப்பிடிக்குப் பக்கத்தில் குனிந்தாள். குனிந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

சென்சாரைக் காணோம். இருந்த இடத்தில் சந்தனம். கட்டை விரலால் அப்பி, அழுத்தி, அதன் நடுவில் குங்குமமும் வைத்திருந்தது.

“அம்மா!”

அடுப்படியிலிருந்து யோகேஸ்வரி வந்தாள். கையில் பானை இறக்குகிற கரித்துணி. பச்சையில் வெள்ளைப் புள்ளி போட்ட பழைய புடவை, கிழித்துக் கிழித்து இப்போது கைத்துணியாகிவிட்டிருந்தது.

“இது என்னம்மா?”

“சந்தனம்.”

“சந்தனம்னு தெரியுது. இங்க எதுக்கு?”

“ஆயுத பூஜை இல்லியா. எல்லாத்துக்கும் வச்சேன். அருவாமனைக்கு வச்சேன், மிக்சிக்கு வச்சேன். உங்கப்பா சைக்கிளுக்கும் வச்சேன்.”

“வைக்கிறவ கம்பில வைக்க வேண்டியதுதானே! இதான் கண்ணு, இத மறைக்கக் கூடாதுன்னு உனக்கு எத்தன தடவ சொன்னேன்? சைக்கிள் வந்த அன்னிக்கே உன் கையப் புடிச்சுக் காட்டலியா?”

“காட்டுன.”

“அப்புறம்? அப்பா குடிக்கலன்னு சொல்றதுக்கு இருந்த ஒரே சாட்சிம்மா இது. அதையும் குருடாக்கிட்ட. சாமி கும்பிடுறேன் சாமி கும்பிடுறேன்னு வீட்டையே கும்பிட்டு அனுப்பிட்ட!”

ரூபினி கத்திவிட்டாள். படித்த பெண், வீட்டில் குரல் உயர்த்தாத பெண். பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது. அதையும் அவள் பொருட்படுத்தவில்லை.

“பசியாறிட்டுத் திட்டு. கோப்பி ஆறுது,” என்று சொல்லிவிட்டு யோகேஸ்வரி உள்ளே போனாள்.

யோகேஸ்வரியைத் தெரிந்தவர்களுக்கு இது உறைத்திருக்க வேண்டும். ஒரு வார்த்தைக்குப் பத்து வார்த்தை திருப்பிக் கொடுக்கிற பெண்பிள்ளை அவள். கங்காணியையே கொழுந்து நிறுவையில் வாயடைக்க வைத்தவள். அவள் இவ்வளவு திட்டு வாங்கிக்கொண்டு கோப்பி ஆறுகிறது என்று போனால் என்ன அர்த்தம்? ரூபினி யோசிக்கவில்லை. கோபம் யாரைத்தான் யோசிக்க விட்டிருக்கிறது.

ஒன்றும் இருக்காது என்று தெரிந்தே சீட்டுக்கு அடியிலிருந்த பெட்டியைக் கழற்றினாள். பிடிவாதம்தான், வேறென்ன. மேசையில் மடிக்கணினியை வைத்து, பெட்டியை இணைத்து, பூஜை நாள் பதிவைத் திறந்தாள். கண்ணை மூடியிருந்தால் அன்று முழுக்கத் தூரம் பூஜ்யம் என்றுதான் காட்ட வேண்டும். திரையின் அடியில் ஒரே நேர்க்கோடு கிடக்கும். அதைத்தான் எதிர்பார்த்தாள்.

கோடு நேராக இல்லை. ஏறியது, இறங்கியது. தொழிற்சாலை வாசலில் நின்ற வேன், முந்திப் போன மோட்டார், எதிரே வந்த கார் என்று வழி நெடுக எல்லாம் இருந்தன. கண் திறந்துதான் இருந்திருக்கிறது!

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

வளைவுக்கு வந்தாள். பின்னால் லோரி வந்ததாக அப்பா சொன்ன அதே வளைவு. லோரி வந்திருந்தது. நீளமான உடம்பு, மெதுவாகக் கடந்திருக்கிறது, ஒரு மீட்டருக்கு மேலேயே இடம் விட்டிருக்கிறது. ஒழுங்கான டிரைவர். ஆனால் லோரியின் உடம்பு வருவதற்குச் சற்று முன்னால் வேறொன்று வந்திருந்தது. மெல்லியது. சென்சாரைத் தொட்டுவிடுகிற நெருக்கத்தில் ஒரு வீச்சு. அது வந்த கையோடு சைக்கிள் குலுங்கி விழுந்திருக்கிறது.

லோரிக்கு முன்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் மெல்லிய பொருள் என்ன? பக்கக் கண்ணாடி என்றால் அவ்வளவு கீழே வராது. தொங்கும் கயிறா?

யோசித்துக்கொண்டே மீதியையும் நகர்த்திப் பார்த்தாள். விழுந்த பிறகும் கண் விழித்தபடியேதான் இருந்தது. வேனின் தகரம் தெரிந்தது. பிறகு அஞ்சடிச் சுவர், இரவு முழுக்க அசையாமல் அதே சுவர். மறுநாள் விடிந்த பிறகு, சட்டென்று கோடு அடியில் போய் விழுந்தது. அதன் பிறகு எழவே இல்லை.

ரூபினி அந்த இடத்தை மறுபடியும் பார்த்தாள். மறுபடியும் பார்த்தாள்.

பூஜைக்கு வைத்த சந்தனம் இல்லை இது. அப்பா கால்வாயில் விழுந்த பிறகு, சைக்கிள் வீட்டுக்கு வந்த பிறகு, மறுநாள் காலையில் யாரோ பக்கத்தில் நின்று நிதானமாக அப்பிய சந்தனம். அந்தக் காலையில் இந்த வீட்டில் இருந்தது ஒரே ஒரு ஆள்தான்.

அவள் எழுந்து சைக்கிளிடம் போனாள். இந்தத் தடவை கண்ணைப் பார்க்கவில்லை, சக்கரத்தைப் பார்த்தாள். பின்சக்கரத்து நடுவில், சங்கிலியோடு சுற்றிக்கொண்டு ஏதோ நார். நகத்தால் நிமிண்டி இழுத்தாள். காய்ந்து பழுப்பேறிய வாழைப்பட்டை. அதோடு சேர்ந்து ஒரு விரல் அகலத்துக்குத் துணி, இறுக்கி முடிச்சுப் போட்டது. பச்சையில் வெள்ளைப் புள்ளி.

அடுப்படியில் யோகேஸ்வரி அதே துணியால் பானையை இறக்கிக்கொண்டிருந்தாள்.

“யாரு லோரிக்கும்மா வாழைக்கன்னு கட்டுன?”

பானை தரையைத் தொட்டது. யோகேஸ்வரி திரும்பவில்லை.

“உன்னத்தாம்மா கேக்குறேன். இந்தத் துணியக் கிழிச்சு யாரு லோரிக்குக் கட்டுன?”

“தெரிஞ்சுகிட்டே ஏன்டி கேக்குற?”

தெரிந்துதான் கேட்டாள். யோகேஸ்வரி தன் கையால் வாழைக்கன்று கட்டி, சக்கரத்துக்கு எலுமிச்சை வைத்து நசுக்கி, திருஷ்டி கழித்து அனுப்புகிற லோரி இந்த உலகத்தில் ஒன்றுதான். குகனேஸ்வரனுடைய லோரி. ரூபினிக்குத் தம்பி, யோகேஸ்வரிக்கு ஒரே மகன், அருமை மகன். லெம்பா பெர்த்தாமில் ஒரு காய்கறித் தோட்டத்துக்கு லோரி ஓட்டிக்கொண்டு அங்கேயே தங்கியிருக்கிறான்.

“பூஜை அன்னிக்கு மத்தியானம் வந்தான். அம்மா கையால பூஜை போட்டாத்தான் லோரிய எடுப்பேன்னான். ரெண்டு பக்கமும் கல்யாண வாசல் மாதிரி கட்டும்மான்னான். கட்டுனேன். மேல கோயிலுக்குக் கொண்டு போயி தேங்கா ஒடைக்கணும், வழியில அவுந்துறப் போவுது, இறுக்கிக் கட்டுன்னான்.” யோகேஸ்வரி தன் இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டாள். “இறுக்கித்தான்டி கட்டுனேன்.”

கோயிலில் தேங்காய் உடைத்துவிட்டு லோரி கீழே இறங்கியிருக்கிறது. மலைக்காற்றில் ஒரு பக்கத்துக் கன்று சாய்ந்து வெளியே நீட்டியிருக்கிறது. நனைந்த வாழையிலை, அடித்த வேகத்தில் கட்டோடு பிய்ந்து சைக்கிள் சக்கரத்தில் மாட்டியிருக்கிறது. ஈரத்துணி மாதிரி இருந்தது என்று சிங்காரம் சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை.

“உனக்கு எப்பத் தெரியும்?”

“வேன்ல சைக்கிள எறக்குனாங்களே, அப்பவே. என் கை முடிச்சு எனக்குத் தெரியாதா? நாரையெல்லாம் பிச்சுப் போட்டேன். அந்த ஒன்னு கண்ணுல படல.”

“சந்தனம்?”

“பக்கத்துல யாரு வந்தாலும் இது பாத்துரும்னு நீதானே சொன்ன. கண்ண மூடிட்டா பாத்ததும் போயிரும்னு நெனச்சேன்.”

ரூபினிக்குச் சிரிப்பு வந்தது. அழுகையும் வந்தது. இரண்டையும் விழுங்கினாள்.

“அது பாத்தது அப்பவே பெட்டிக்குள்ள போயிருச்சும்மா. அது மறக்காது.”

“அது மறக்காது. நீ மறந்துரு.”

“அப்பாவ ஊரே குடிகாரன்குது!”

“புதுசா சொல்றாங்களா? முன்ன சொல்லாததா? அவரு தாங்குவாரு. எம்புள்ள ஜெயில தாங்க மாட்டான்.”

இப்படி ஒரு வார்த்தையைப் பெற்றவள் வாயிலிருந்து கேட்ட பிறகு ஒரு மகள் என்ன பேசுவாள்? கட்டின புருஷன் கட்டிலில் கிடந்து சத்தியம் பண்ணிக்கொண்டிருக்கிறான். இவள் வீட்டில் தராசு பிடித்து, மகன் பக்கம் கனம் என்று நிறுத்துவிட்டாள். பெற்ற வயிறு என்பார்கள். எனக்கென்னவோ வயிற்றெரிச்சலாகத்தான் இருக்கிறது.

“வீடு போயிருமேம்மா.”

“போவட்டும். குகன் கூட்டிட்டுப் போறேன்னான்.”

“ஓ. அப்ப அவன்கிட்டயும் பேசி முடிச்சாச்சு.”

யோகேஸ்வரி அடுப்பை அணைத்தாள்.

மத்தியானம் குகன் வந்தான். லோரியில் அல்ல, மோட்டாரில். கையில் அப்பாவுக்கு மைலோ டின், ஒரு பை பேரிக்காய். லயத்தில் எல்லோரும் அவனைப் பார்த்து மெச்சிக்கொண்டார்கள். தினமும் தாப்பாவுக்கு இறங்கி ஏறுகிறான், அப்பன் காலைப் பிடித்துக்கொண்டு அழுகிறான், மகன் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று பேச்சு.

“அக்கா, பசியாறுனியா?” என்று கேட்டுக்கொண்டே உள்ளே வந்தவன் மேசையைப் பார்த்தான். திரையில் கோடு. அதன் பக்கத்தில் அந்த முடிச்சு. பேரிக்காய்ப் பையைக் கீழே வைத்தான். பிறகு அவனும் உட்கார்ந்தான்.

“நான் எடம் விட்டுத்தான்க்கா எடுத்தேன். ஒரு மீட்டருக்கு மேல விட்டேன்.”

“தெரியும். இதுலயும் அதான் இருக்கு.”

அவன் முகத்தில் உயிர் வந்தது. “அப்ப என் மேல தப்பில்லதானே?”

“கன்னு அடிச்சது உனக்குத் தெரியுமா?”

“டப்புன்னு ஒரு சத்தம். கண்ணாடில பாத்தேன். மஞ்ச சட்ட ஒன்னு ரோட்டோர லோங்காங்ல விழுந்துச்சு.”

“நிறுத்துனியா?”

“மொதலாளி தவுக்கே போன் மேல போனு. இருட்டிகிட்டு வருது, மழ வேற...”

“நிறுத்துனியா, குகன்?”

அவன் பேரிக்காய்ப் பையைக் காலால் ஓரம் தள்ளினான்.

“பங்ளான்னு நெனச்சேன்க்கா.”

சொல்லும்போது அவன் குரலில் வெட்கம் எதுவும் இல்லை. நியாயமான ஒரு காரணத்தைச் சொல்லிவிட்டு அக்கா புரிந்துகொள்வாள் என்று காத்திருக்கிறவன் மாதிரி அவள் முகத்தைப் பார்த்தான்.

“அப்பா பூஜைக்கு நின்னா வேன்லதான் வருவாரு. அந்த நேரத்துல சைக்கிள்ல, மஞ்ச சட்டைல, வேற யாரு வருவா? அப்பான்னு தெரிஞ்சா நிறுத்தியிருக்க மாட்டேனா? நான் என்ன மிருகமா?”

“ஏன்டா, பங்ளான்னா எலும்பு ஒடையாதா?”

அவன் மைலோ டின்னை மேசையில் தள்ளி வைத்தான்.

கால்வாயில் இறங்கிச் சிங்காரத்தைத் தூக்கியது யார் என்று போன வாரமே சொன்னேன். பின்னால் சைக்கிளில் வந்த இரண்டு வங்காளதேசத்துத் தொழிலாளிகள். அவர்களும் மஞ்சள் சட்டையைத்தான் பார்த்தார்கள். இந்தக் குகனுடைய கொள்ளுத்தாத்தாவும் கப்பலேறிக் கூலிக்கு வந்தவர்தான். அதெல்லாம் லோரி ஓட்டும்போது ஞாபகம் வருமா என்ன.

“சொல்லிடாதக்கா. லைசன் போயிரும். உள்ள போட்டுருவாங்க. அடிச்சது கூட இல்ல, நிக்காமப் போனதுதான் பெரிய கேஸுன்னு சொல்றாங்க.” குகன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். பிறகு நாற்காலியை அவள் பக்கம் நகர்த்தினான். “நான் ஒன்னு சொல்லவா? அதுல லோரி நம்பர் இல்லதானே?”

“இல்ல.”

“அப்ப லோரி இடிச்சிச்சுன்னு மட்டும் சொல்லு. யாருதுன்னு தெரியலன்னு சொல்லு. அப்பா குடிக்கலன்னு ஆயிரும். வேலையும் இருக்கும், வீடும் இருக்கும். நீ பொய் சொன்னதாவும் ஆவாது. அது என்ன காட்டுதோ அதத்தானே சொல்ற?”

“அதானேடி,” என்றாள் யோகேஸ்வரி அடுப்படி வாசலிலிருந்து. “எல்லாருக்கும் நல்லதுதானே.”

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். ரூபினிக்கு அது பிடித்திருந்தது. அவள் ஒன்றும் அரிச்சந்திரனுக்கு அடுத்த வீட்டுக்காரி இல்லை. தம்பி ஜெயிலுக்குப் போவதை எந்த அக்கா விரும்புவாள்? திரையைப் பார்த்தாள். ஆமாம், லோரி இருக்கிறது, பெயர் இல்லை. திங்கட்கிழமை கிராணியிடம் இதைக் காட்டினால் போதும். அப்பாவின் மானம் மீண்டுவிடும். முடிச்சை அடுப்பில் போட்டுவிடலாம். அவள் கை அந்தத் துணியை எடுத்துவிட்டது. யோகேஸ்வரி பெருமூச்சு விட்டாள்.

அப்போதுதான் யோகேஸ்வரியின் போன் அடித்தது. சிங்காரம். அவள் எப்போதும் போல ஸ்பீக்கரில் போட்டாள்.

“ரூபி சைக்கிளப் பாத்துச்சா? என்ன சொல்லுது? கிராணி போன் போட்டான், உம் மக சைக்கிள் பேசும்னு சொல்லுதுன்னு சிரிக்கிறான். சிரிக்கட்டும் லா. அங்க யாரு, தம்பி வந்துருக்கானா?”

“இருக்கேன்ப்பா,” என்றான் குகன்.

“நல்லதாப் போச்சு. தம்பி, உன்கிட்டதான் பேசணும். நீ லோரிக்காரன், எல்லா டிரைவரையும் உனக்குத்தான் தெரியும். ரிங்லெட்ல விசாரி, கம்போங் ராஜாவுல விசாரி. அன்னிக்கு அந்த ரோட்டுல யாரு எறங்குனான்னு கேளு. கேஸு கீஸு ஒன்னும் வேணாம். அவன நான் ஒரு வார்த்த திட்டக்கூட மாட்டேன். ஒரே ஒரு கேள்வி கேக்கணும். லோங்காங்ல கெடந்து நான் அந்தக் கத்து கத்துனேனே, அவனுக்குக் கேட்டுச்சா இல்லியா? அது தெரியாம எனக்குத் தூக்கம் வர்ல தம்பி. நீ தேடிக் குடுப்பியா?”

குகன் கண்ணீரைப் புறங்கையால் துடைத்தான். தொண்டையைச் செருமினான்.

“சரிப்பா. தேடுறேன்ப்பா. நீங்க கவலப்படாதீங்க.”

எவ்வளவு தெளிவான குரல்! ஒரு நடுக்கம் இல்லை, ஒரு தடுமாற்றம் இல்லை.

“அதான் எம்புள்ள,” என்றார் சிங்காரம். “நீ இருக்கறப்ப எனக்கென்ன கவல.”

ரூபினி தம்பியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இவனால் முடியும் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. தீபாவளிக்கு வருவான், அப்பா காலில் விழுவான், இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன் என்பான். அடுத்த தீபாவளிக்கும் சொல்வான். அப்பா ஊன்றுகோலோடு வாசல் வரை வந்து வழியனுப்பி, கிடைச்சானா தம்பி என்று கேட்பார். அம்மா பலகாரத் தட்டை நீட்டுவாள். அந்தத் தட்டிலிருந்து தானும் எடுத்துத் தின்ன வேண்டியிருக்கும்.

அவள் கையை நீட்டிப் போனை எடுத்தாள். யோகேஸ்வரி பாய்ந்து வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். முழங்கால் வலிக்காரிக்கு அந்த வேகம் எங்கிருந்து வந்ததோ.

“அப்பா,” என்றாள் ரூபினி. “தேட வேணாம்ப்பா. லோரி கெடச்சிருச்சு.”

“கெடச்சிருச்சா?”

அந்தப் பக்கம் கட்டில் கிரீச்சிட்டது. வலியில் ஒரு முனகல். அதையும் மீறி சிங்காரத்தின் குரல் அந்த வார்டு முழுக்கக் கேட்டிருக்கும். “பாத்தீங்களா லா! நான் குடிக்கலன்னு எத்தன தடவ சொன்னேன்! என் மக சைக்கிள் கண்டுபிடிச்சிருச்சு லா! மிஸ்ஸி, மருந்த வச்சுட்டு இங்க வாங்க, என் மக கண்டுபிடிச்சிருச்சு!”

யாரோ கைதட்டினார்கள். யாரோ சிரித்தார்கள். இந்தத் தடவை கேலிச் சிரிப்பு இல்லை.

யோகேஸ்வரியின் விரல்கள் ரூபினியின் மணிக்கட்டில் இறுகின. வாழைக்கன்றைக் கட்டிய அதே கை, இறுக்கித்தான் பிடித்தது. குகன் எழுந்து வாசல் பக்கம் பார்த்தான். அப்புறம் என்ன நினைத்தானோ, மறுபடியும் உட்கார்ந்துவிட்டான்.

“ரூபி, லைன்ல இருக்கியாம்மா?” சிங்காரம் இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். “சொல்லு. யாரு லோரிம்மா அது?”